கறுப்புக்கு ஆல்பின் கவுண்டர் காம்பிட்: பொறியைத் தாண்டிப் படிப்பது எப்படி?

நாகர்கோவிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரேபிட் சதுரங்கப் போட்டி, நான்காவது சுற்று. எதிரே 12 வயதுப் பையன். அவன் டி4 வைத்தான், நான் டி5. அவன் சி4, நான் இ5. பையன் தலையைத் தூக்கி என் முகத்தை ஒருதரம் பார்த்தான், அப்புறம் பலகையைப் பார்த்தான். அன்றைக்கு ஆல்பின் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் வீடியோவில் பார்த்த அந்த ஒரு பொறி மட்டும்தான். பையன் பொறிப் பக்கமே வரவில்லை. குதிரையை எஃப்3-இல் வைத்தான், ஜி3 தள்ளினான், பிஷப்பை ஜி2-இல் உட்கார வைத்தான், கொஞ்ச நேரத்தில் என் பி7 சிப்பாய் போயிற்று, அதற்குப் பின்னால் ராஜா பக்கத்தில் இருந்த எல்லாமே போயிற்று.

அந்தத் தோல்விக்குப் பிறகு இந்தத் திறப்பை, அதாவது ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்களை, உட்கார்ந்து ஒழுங்காகப் படித்தேன். அதிகம் பேர் ஆடாத ஒரு வேரியேஷனை எப்படிப் படிக்க வேண்டும் என்பதும் அதோடு சேர்ந்தே புரிந்தது. எதிராளி பொறியில் விழாத ஆட்டத்தைத்தான் முதலில் படிக்க வேண்டும். பத்தில் ஒன்பது ஆட்டம் அப்படித்தான் போகும்.

குறியீடு பற்றி ஒரு வார்த்தை. கட்டங்களை டி4, இ5 என்றும் வெட்டுவதை × என்றும் செக்கை + என்றும் நல்ல நகர்த்தலை ! என்றும் எழுதுகிறேன். எண் என்பது எத்தனையாவது நகர்த்தல் என்பது, எண்ணுக்குப் பின் மூன்று புள்ளி இருந்தால் அது கறுப்பு வைப்பது. கோட்டை என்றால் ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றுவது. ரூக்கை யானை என்கிறேன். பிஷப்பை மந்திரி என்று சொல்பவர்களும் உண்டு. நான் பிஷப் என்றே வைத்துக்கொள்கிறேன்.

முதலில் நிலையைப் பலகையில் வையுங்கள்

1.டி4 டி5 2.சி4 இ5 3.டி×இ5 டி4. இவ்வளவுதான் ஆல்பின். போனைத் தூர வைத்துவிட்டு, நிஜமான பலகையில் இந்த நிலையை வைத்துப் பத்து நிமிடம் சும்மா பாருங்கள். கறுப்பு ஒரு சிப்பாயைக் கொடுத்திருக்கிறது, காம்பிட் என்பது இதைத்தான். பதிலுக்கு என்ன கிடைத்தது? டி4-இல் நிற்கிற அந்தச் சிப்பாய். அது சி3, இ3 இரண்டு கட்டங்களையும் அடைத்துக்கொண்டு நிற்கிறது. வெள்ளையின் ராணிப் பக்கக் குதிரைக்கு இயல்பான இடம் சி3, அங்கே வர முடியாது. இ3 தள்ளினால் வெட்டு விழும். வெள்ளை வீட்டு வாசலில் கல்லைப் போட்ட மாதிரி அது.

ஆகவே இந்தத் திறப்பில் நீங்கள் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டிய கேள்விகள் இரண்டுதான்: டி4 சிப்பாய் பத்திரமாக இருக்கிறதா? இ5-இல் இருக்கும் வெள்ளைச் சிப்பாயை எப்போது திரும்ப எடுக்கப்போகிறேன்? மற்றதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

பெயர் அடால்ஃப் ஆல்பினுடையது. ருமேனியாவில் பிறந்தவர், 1893-இல் நியூயார்க்கில் இமானுவேல் லாஸ்கருக்கு எதிராக இதை ஆடினார். அதற்கு முன்பே 1881-இல் மிலான் போட்டியில் கவலோட்டி என்பவர் சால்வியோலிக்கு எதிராக ஆடியிருக்கிறார், ஆனால் பெயர் ஆல்பினுக்குப் போய்விட்டது. நெடுங்காலம் உயர்மட்டத்தில் அதிகம் பேர் சீந்தாமல் கிடந்தது. 2000-களின் தொடக்கத்தில் ரஷ்ய கிராண்ட்மாஸ்டர் அலெக்சாந்தர் மொரோசெவிச் இதைப் பெரிய ஆட்டக்காரர்களுக்கு எதிராகவே எடுத்து ஆடினார். நாம் படிக்கப் போவதும் அவர் வழியைத்தான்.

பொறியைப் படியுங்கள், ஆனால் ஒரே நாளில் முடித்துவிடுங்கள்

4.இ3 என்று வெள்ளை அந்தக் கல்லை உடனே நகர்த்தப் பார்த்தால்: 4...பிஷப் பி4+ 5.பிஷப் டி2 டி×இ3. இப்போது 6.எஃப்×இ3 என்று வெட்டினால் வெள்ளைக்கு இ வரிசையில் இரட்டைச் சிப்பாய், கறுப்பு 6...ராணி எச்4+ என்று தொல்லை கொடுக்கலாம், ஆனாலும் வெள்ளை பிழைத்துக்கொள்ளும். ஆசைப்பட்டு 6.பிஷப்×பி4 என்று வெட்டினால்தான் கதை முடிந்தது: 6...இ×எஃப்2+. ராஜா எஃப்2-ஐ வெட்டினால் டி1-இல் ராணிக்குக் காவல் இல்லை, போய்விடும். அதனால் 7.ராஜா இ2. இங்கே 7...எஃப்×ஜி1, ஆனால் ராணியாக அல்ல, குதிரையாக, செக்கோடு!

ராணியாக மாற்றினால் என்ன குறை என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். வெள்ளை 8.ராணி×டி8+ என்று வெட்டும், ராஜா திருப்பி வெட்டும், 9.யானை×ஜி1. எல்லாம் சமமாகிவிடும், இவ்வளவு பாடுபட்டதற்குப் பலன் இல்லை. குதிரையாக மாற்றினால் அது செக், வெள்ளைக்கு ராணியை வெட்ட நேரமில்லை. 8.யானை×ஜி1 என்றால் 8...பிஷப் ஜி4+, ராஜாவுக்குப் பின்னால் நிற்கும் ராணி காலி. 8.ராஜா இ1 என்றால் 8...ராணி எச்4+, அதற்கு 9.ஜி3 தடுத்தால் 9...ராணி இ4+, எச்1 யானை போயிற்று, 9.ராஜா டி2 என்றால் 9...குதிரை சி6, அப்புறம் பிஷப் ஜி4, நீண்ட பக்கக் கோட்டை கட்டுவது செக்கோடு வரும். திறப்பிலேயே, ஏழாவது நகர்த்தலில், சிப்பாய் குதிரையாகிற அழகு வேறு எந்தத் திறப்பிலும் இவ்வளவு சீக்கிரம் கண்ணில் படுவதில்லை. எனக்கு இன்றும் அதைப் பலகையில் வைக்கும்போது மனசு துள்ளும்.

பலகையில் நேருக்கு நேர் ஆடுபவர்களுக்கு ஒரு விஷயம். ஏழாவது நகர்த்தலில் உங்கள் குதிரை இரண்டும் பலகையில்தான் இருக்கும், வெட்டுப்பட்டு வெளியே கிடக்கும் கறுப்புக் குதிரை ஒன்றுகூட இராது! பதற்றத்தில் கைக்குக் கிடைத்ததை வைத்துவிடாதீர்கள், பக்கத்து மேசையிலிருந்து எடுக்கவும் வேண்டாம். கடிகாரத்தை நிறுத்திவிட்டு ஆர்பிட்டரை, அதாவது நடுவரை, கூப்பிட்டு ஒரு கறுப்புக் குதிரை கேளுங்கள். தேவையான காய் இல்லாதபோது அப்படிக் கடிகாரத்தை நிறுத்த உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதி இடம் தருகிறது.

சரி, பொறி இவ்வளவுதான். ஒரு மாலை போதும்.

வெள்ளையின் நான்காவது, ஐந்தாவது நகர்த்தலை வைத்து நோட்டைப் பிரியுங்கள்

அரிய வேரியேஷனைப் படிக்கும்போது எல்லோரும் செய்கிற தவறு, இருபது நகர்த்தல் நீளத்துக்கு ஒரே கோட்டை மனப்பாடம் செய்வது. நம் ஊர்ப் போட்டிகளில் எதிராளிக்கும் இந்தத் திறப்பு தெரியாது, ஐந்தாவது நகர்த்தலிலேயே அவர் சொந்தமாக ஏதோ வைத்துவிடுவார், நீங்கள் மனப்பாடம் செய்த பதினைந்து நகர்த்தலும் வீண். அதனால் ஆழத்தைவிட அகலம் முக்கியம். ஒரு நாற்பது பக்க நோட்டை வாங்கி இப்படிப் பிரித்தேன்: 4.இ3-க்கு ஒரு பக்கம், 4.இ4-க்கு இரண்டு பக்கம், 4.ஏ3-க்கு ஒரு பக்கம், மிச்சமெல்லாம் 4.குதிரை எஃப்3-க்கு. ஏனென்றால் தெரிந்தவர்கள் அதைத்தான் வைப்பார்கள், தெரியாதவர்களும் பழக்கத்தில் அதைத்தான் வைப்பார்கள்.

4.இ4 வந்தால் 'என் பசான்' முறையில் (இரண்டு கட்டம் தாண்டி வந்து நிற்கும் சிப்பாயைப் பக்கத்துச் சிப்பாய் வெட்டுவது) வெட்ட முடியும், ஆனால் வெட்டாதீர்கள். வாசலில் போட்ட கல்லை நாமே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். 4...குதிரை சி6, வெள்ளை 5.எஃப்4 என்று இ5-ஐக் காத்தால் 5...எஃப்6 6.இ×எஃப்6 குதிரை×எஃப்6. ஒரு சிப்பாய் குறைவுதான், ஆனால் காய்கள் வேகமாக வெளியே வருகின்றன, இ4-இன் மீது உடனே தாக்குதல் இருக்கிறது. 4.ஏ3 என்பது பி4 செக்கைத் தடுத்துவிட்டு இ3 தள்ளுவதற்கான ஏற்பாடு. அதற்கும் குதிரை சி6 வைத்து, இ3 வரும்போது நிதானமாக யோசித்தால் போதும்.

இப்போது முக்கியமான பக்கங்களுக்கு வருவோம்.

5.ஜி3: அந்தப் பையன் ஆடியது

4.குதிரை எஃப்3 குதிரை சி6 5.ஜி3. பழைய காலத்தில் கறுப்பு இங்கே பிஷப்பை இ6-க்கோ ஜி4-க்கோ கொண்டுவந்து, ராணியை டி7-இல் வைத்து, நீண்ட பக்கம் கோட்டை கட்டி, எச் வரிசைச் சிப்பாயைத் தள்ளித் தாக்கும். பார்க்க வீரமாக இருக்கும். ஆனால் ஜி2-இல் உட்கார்ந்திருக்கும் பிஷப் நேராக பி7-ஐப் பார்க்கிறது, கறுப்பு ராஜா அதே பக்கம் போய் நிற்கிறது, வெள்ளை பி4, பி5 என்று தள்ளிக்கொண்டு முந்திவிடும். நான் தோற்றதும் இப்படித்தான்.

மொரோசெவிச் வழி 5...குதிரை ஜிஇ7, அதாவது ஜி8 குதிரை எஃப்6 போகாமல் இ7-க்குப் போகிறது. அங்கிருந்து ஜி6. 6.பிஷப் ஜி2 குதிரை ஜி6. இ5-ஐ இப்போது இரண்டு குதிரைகள் தாக்குகின்றன, காப்பது எஃப்3 குதிரை ஒன்றுதான். வெள்ளை கவலையில்லாமல் 7.கோட்டை என்று கட்டினால் 7...குதிரை ஜி×இ5 8.குதிரை×இ5 குதிரை×இ5, கொடுத்த சிப்பாய் வீட்டுக்கு வந்துவிட்டது. இங்கே ஒரு எச்சரிக்கை: எஃப்3 குதிரை போய்விட்டதால் ஜி2 பிஷப்பின் பாதை திறந்துவிட்டது. உங்கள் சி8 பிஷப்தான் பி7-க்குக் காவல். அவசரப்பட்டு அதை வெளியே எடுத்தால் பி7 விழும். அதனால் மற்ற பிஷப்பை முதலில் இ7-க்குக் கொண்டுவந்து, கோட்டை கட்டி, அப்புறம்தான் சி8 பிஷப்பைப் பற்றி யோசிக்க வேண்டும்.

விஷயம் தெரிந்த வெள்ளை 7.பிஷப் ஜி5 வைப்பார். 7...ராணி டி7, உடனே 8.இ6! சிப்பாயைத் திருப்பிக் கொடுக்கிறார், ஆனால் உங்கள் கட்டமைப்பைக் குலைத்துவிட்டுக் கொடுக்கிறார். 8...எஃப்×இ6 9.கோட்டை இ5. மேலோட்டமாகப் பார்த்தால் கறுப்புக்கு நடுவில் டி4, இ5 என்று அருமையான இரண்டு சிப்பாய். ஆனால் எஃப்7 சிப்பாய் இல்லை, எச்5-இலிருந்து இ8 வரை மூலைக்கோட்டில் ஜி6 குதிரை ஒன்றுதான் மறைப்பு, ராஜா இன்னும் நடுவிலேயே நிற்கிறது. இந்த ஒரு நிலைக்கு என் நோட்டில் ஆறு பக்கம். இதைப் புரிந்துகொள்ளாமல் ஆல்பினைப் போட்டிக்கு எடுத்துப் போகாதீர்கள்.

5.ஏ3 மற்றும் 5.குதிரை பிடி2

5.ஏ3 வந்தாலும் அதே குதிரைப் பயணம்தான்: 5...குதிரை ஜிஇ7 6.பி4 குதிரை ஜி6 7.பிஷப் பி2 ஏ5! 8.பி5 குதிரை சி×இ5 9.குதிரை×இ5 குதிரை×இ5 10.இ3 பிஷப் இ6. கல்லை நகர்த்த வெள்ளை வந்துவிட்டது, ஆனால் 11.இ×டி4 குதிரை×சி4 12.பிஷப்×சி4 பிஷப்×சி4 என்று போனால் கறுப்பு பிஷப் எஃப்1 வரை பார்க்கிறது, வெள்ளை ராஜா குறும்பக்கம் கோட்டை கட்ட முடியாது. டி4 சிப்பாய் போய்விட்டதே என்று அழ வேண்டாம், அதற்கு நல்ல விலை கிடைத்துவிட்டது.

5.குதிரை பிடி2 (பி1 குதிரை டி2-க்கு) என்றால் வெள்ளை அடுத்து குதிரையை பி3-க்குக் கொண்டுவந்து டி4-ஐ மூன்று காய்களால் தாக்கப் போகிறார். இங்கே மட்டும் 5...குதிரை ஜிஇ7 6.குதிரை பி3 குதிரை எஃப்5. ஜி6 அல்ல, எஃப்5. டி4-க்குக் காவலும் மூன்றாகிவிட்டது. பாருங்கள், இ7 குதிரை ஒன்றுதான், அது எங்கே போகவேண்டும் என்பதை நீங்கள் ஆரம்பத்தில் கேட்ட அந்த இரண்டு கேள்விகளே சொல்லிவிடுகின்றன. இ5-ஐ எடுக்கலாமென்றால் ஜி6, டி4-க்கு ஆபத்தென்றால் எஃப்5.

ஆள் வைத்து ஆடிப் பாருங்கள்

என் சித்தப்பா குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறார். விடியும் முன்பே தோட்டத்துக்குப் போய்விட்டு வெயில் ஏறுவதற்குள் வேலை முடிந்துவிடும். மழை பெய்தால் வெட்டு கிடையாது. நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு, அதனால் சதுரங்கத்துக்கு வருஷத்தில் நிறைய நாள் கிடைக்கும். ஆனி மாத மழையில் அவர் வீட்டுத் திண்ணையில் சாயாவும் ரசவடையும் வைத்துக்கொண்டு, 9...இ5-க்குப் பிறகான அந்த நிலையை நாங்கள் ஒரே வாரத்தில் முப்பது தடவையாவது ஆடியிருப்போம். ஒவ்வொரு தடவையும் அதே நிலையில் தொடங்குவோம், ஒரு ஆட்டம் அவர் வெள்ளை, அடுத்த ஆட்டம் நான் வெள்ளை. வெள்ளையாக ஆடினால்தான் கறுப்பின் ஓட்டை எங்கே என்று கண்ணுக்குத் தெரியும். இதை விட்டுவிடாதீர்கள்.

முதல் இரண்டு நாளில் நான் எல்லாக் கிளைகளையும் ஒரேயடியாகப் படித்து முடித்துவிடப் பார்த்தேன். சித்தப்பா பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "மக்கா, வெட்டு ஆழமாப் போச்சுன்னா மரம் பட்டுப் போவும்லா. பட்டையை மட்டும் சீவணும், நாளைக்கும் பால் வரணும்." அதற்குப் பிறகு ஒரு நாளைக்கு ஒரு கிளை என்று வைத்துக்கொண்டோம்.

பக்கத்தில் ஆள் இல்லாதவர்கள் லிச்செஸ் இணையதளத்தில் அந்த நிலையை அமைத்து அங்கிருந்தே கம்ப்யூட்டரோடு ஆடலாம், காசு கிடையாது. அதன் ஓப்பனிங் எக்ஸ்ப்ளோரரில் (ஒரு நிலையில் மற்றவர்கள் என்ன ஆடினார்கள் என்று காட்டும் பகுதி) மாஸ்டர்கள் ஆட்டங்களை மட்டும் பார்க்காமல், உங்கள் ரேட்டிங் அளவில் ஆடுபவர்களின் ஆட்டங்களையும் வடிகட்டிப் பாருங்கள். மார்த்தாண்டத்திலோ தக்கலையிலோ நடக்கிற போட்டியில் உங்கள் எதிரே உட்காரப் போகிறவர் கிராண்ட்மாஸ்டர் மாதிரி ஆட மாட்டார்.

ஸ்டாக்ஃபிஷ் கடைசியில்

ஆல்பினை ஸ்டாக்ஃபிஷ் என்கிற சதுரங்க எஞ்சினிடம் (கணக்குப் போடும் நிரல்) காட்டினால் வெள்ளைக்குத்தான் சாதகம் என்று சொல்லும். சொல்லட்டும், அது உண்மைதான். எண்ணைப் பார்த்து மனம் விட்டுவிட வேண்டாம். முதலில் நீங்களே யோசித்து, இந்த நிலையில் கறுப்புக்கு இன்ன குறை, இன்ன நகர்த்தல் நல்லது என்று நோட்டில் எழுதுங்கள். பிறகு எஞ்சினைத் திறந்து உங்கள் எழுத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எழுதாமல் எஞ்சினைப் பார்த்தால் அது சொல்வதெல்லாம் "ஆமா, எனக்கும் தெரியும்" என்றுதான் தோன்றும், போட்டியில் கடிகாரம் ஓடும்போது ஒன்றும் ஞாபகம் வராது.

என் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது: "7.கோட்டை – நான் இ5-ஐ எடுத்தேன். 10-இல் பிஷப் எஃப்5 வைத்தேன். பி7 போச்சு. மறுபடியும். முதலில் பிஷப் இ7." அந்த "மறுபடியும்" என்ற சொல் மூன்று பக்கங்களில் வருகிறது. நான்காவது பக்கத்தில் வரவில்லை.

2.சி4 வராவிட்டால்?

இதை மறந்துவிட்டுப் போட்டிக்குப் போகிறவர்கள் நிறைய. ஆல்பின் வருவதற்கு வெள்ளை 1.டி4, 2.சி4 இரண்டும் வைக்க வேண்டும். இப்போதெல்லாம் பள்ளிப் பிள்ளைகளில் பலர் லண்டன் சிஸ்டம்தான் ஆடுகிறார்கள், 2.பிஷப் எஃப்4 வந்துவிட்டால் நமக்கு ஆல்பின் கிடையாது. 2.குதிரை எஃப்3 வந்தாலும் இ5-ஐக் குதிரை பார்த்துக்கொண்டிருக்கிறது, அங்கே சிப்பாயைத் தள்ளிக் கொடுப்பது வீண். ஆகவே 1...டி5-க்குப் பிறகு லண்டனுக்கு ஒரு எளிய ஏற்பாடு, 1.இ4-க்கு ஒரு எளிய ஏற்பாடு கையில் இருக்க வேண்டும். அவற்றை ஆழமாகப் படிக்க வேண்டியதில்லை, காய்களை எங்கே வைப்பது என்று தெரிந்தால் போதும். நேரத்தை ஆல்பினுக்கே கொடுங்கள்.

எனக்கு இன்னும் தீராத இடம் ஒன்று இருக்கிறது. 9...இ5-க்குப் பிறகு 10.குதிரை பிடி2 எச்6 11.பிஷப் எச்4 குதிரை×எச்4 12.குதிரை×எச்4. இரண்டு பிஷப் கறுப்பிடம், ஆனால் அந்த எச்4 குதிரை ஜி6 கட்டத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. ராஜா எந்தப் பக்கம் போவது? சித்தப்பா ராணிப் பக்கம் என்கிறார், நான் பிஷப் இ7 வைத்துவிட்டுக் குறும்பக்கம் போகலாம் என்கிறேன். ஐப்பசி மழை தொடங்கிவிட்டது, இன்று காலையும் வெட்டு இல்லை. பலகை திண்ணையில் அந்த நிலையிலேயே இருக்கிறது.